டபுள் கண்ணாடி ஸ்லைடிங் போட்டால் பஸ் சத்தம் நிற்குமா?

4 ஜூன், இரவு 9.40 | குடந்தை_மேலவீதி

கும்பகோணம். ரோட்டிலிருந்து 12 அடியில் முன் அறை, 9 அங்குலச் செங்கல் சுவர். நாலுக்கு நாலடியில் இரண்டு மர ஜன்னல், கம்பி போட்டது, 4 மி.மீ. கண்ணாடி. மேலே ஒரு வென்டிலேட்டர். பகலில் பஸ், ராத்திரியில் லாரி, எந்நேரமும் ஏர் ஹாரன். மார்கழியில் கூம்புக் குழாய் ஒலிபெருக்கி. கடைக்காரர் மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங், 5-12-5 டபுள் கண்ணாடி (5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. கண்ணாடி) போடச் சொல்கிறார். "நாப்பது டெசிபல் குறையும், பஸ் போறதே தெரியாது" என்கிறார். போடலாமா?

4 ஜூன், இரவு 10.25 | ஒலிக்கணக்கு

வேண்டாம். 5-12-5 கண்ணாடிக்கு ஆய்வுக்கூடத்திலேயே 32 டெசிபல் பக்கம்தான் குறையும். அதுவும் ஓரமெல்லாம் அடைத்துச் சோதித்த கணக்கு. அதே எடைக்கு ஒரே கண்ணாடியாக 10 மி.மீ. போட்டாலே அதற்குக் குறையாது. நடுவில் அடைபட்ட 12 மி.மீ. காற்று ஸ்பிரிங்காக வேலை செய்து, இரண்டு கண்ணாடியும் 220 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சேர்ந்து ஆடும். அந்த இடத்தில் ஒற்றைக் கண்ணாடியைவிட மோசம். பஸ் இன்ஜின் உறுமல் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. டபுள் கண்ணாடி வெயிலுக்கு நல்லது, ஏசி பில்லுக்கு நல்லது. அதைச் சத்தத்துக்கு என்று விற்பதுதான் தப்பு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஸ்லைடிங். கதவு நகர வேண்டுமென்றால் ஓரத்தில் ரப்பர் அழுந்தி நிற்க முடியாது, பிரஷ்தான் வைக்க முடியும். பிரஷ் தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. கொசு வலைக்கு மூன்றாவது தண்டவாளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

5 ஜூன், காலை 6.50 | ஆசாரிப்பட்டறை

பெயர்க்காதீங்க தம்பி. தேக்கோ வேங்கையோ, நிலை கெட்டியா இருந்தா அதுலயே பாதி வேலை முடியும். முதல்ல இடைவெளியைப் பாருங்க. ராத்திரி அறை விளக்கை அணைச்சிட்டு ஒருத்தர் வெளியே நின்னு டார்ச் அடிக்கட்டும். கோடு கோடா வெளிச்சம் தெரியிற இடமெல்லாம் சத்தம் வர்ற இடம். அடுத்து பத்து ரூபாய் நோட்டை நிலைக்கும் கதவுக்கும் நடுவுல வச்சி மூடி இழுங்க. சும்மா வழுக்கிட்டு வந்தா அங்க அழுத்தமே இல்லைன்னு அர்த்தம். கீல் பக்கம் நாலு இடம், தாழ்ப்பாள் பக்கம் நாலு இடம், ரெண்டு கதவும் சேர்ற நடுச்சட்டம், எல்லாத்துலயும் பாருங்க. நடுச்சட்டத்தைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

5 ஜூன், காலை 8.05 | ஒலிக்கணக்கு

ஆசாரி சொன்னதற்கு ஒரு கணக்கு. நாலுக்கு நால் ஜன்னல், இரட்டைக் கதவு. சுற்றளவு 16 அடி, நடுச்சட்டம் 4 அடி, மொத்தம் 20 அடி ஓரம். அதில் 1 மி.மீ. இடைவெளி என்றால் கிட்டத்தட்ட 61 சதுர சென்டிமீட்டர் ஓட்டை, ஜன்னல் பரப்பில் 0.4 விழுக்காடு. அந்த ஓட்டை ஒன்றே போதும், நீங்கள் எந்தக் கண்ணாடி போட்டாலும் 24 டெசிபலைத் தாண்டாது. கண்ணாடிக்குக் கொட்டும் காசு அந்த ஒரு மில்லிமீட்டரில் வெளியே போய்விடும்.

பரப்பில் 1 விழுக்காடு திறப்பு என்றால் 20 டெசிபல் உச்சவரம்பு. 0.1 விழுக்காடு என்றால் 30. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கடைக்காரரிடமும் பேசலாம்.

5 ஜூன், மதியம் 1.30 | குடந்தை_மேலவீதி

ராத்திரி வரை பொறுக்காமல் அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். ஜன்னல் இருக்கட்டும், வென்டிலேட்டர் முழுக்க வெளிச்சம். கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக அடுக்கிய மாடல்.

5 ஜூன், மதியம் 2.10 | ஒலிக்கணக்கு

அப்படியானால் ஜன்னல் பேச்சு அப்புறம். 100 சதுர அடி வெளிச்சுவரில் ஒரு சதுர அடி திறந்த வென்டிலேட்டர் என்றால் மொத்தச் சுவருக்கும் 20தான், மற்ற 99 சதுர அடியில் கோட்டையே கட்டினாலும். சாய்வுப் பட்டைகளை அடைத்துப் பயனில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு ஓரம், எல்லாம் கசியும். உள்பக்கம் 6 மி.மீ. கண்ணாடியை முழுசாக வைத்து, சுற்றி பீடிங் (கண்ணாடியைப் பிடிக்கும் மெல்லிய மரப்பட்டை) அடித்து, சிலிக்கான் போட்டு மூடுங்கள்.

ஏசி குழாய் போகும் ஓட்டையையும் பாருங்கள். இரண்டரை அங்குல ஓட்டை மூடாமல் கிடந்தால் அதே சுவருக்கு 34, 35 டெசிபலில் கூரை போட்டுவிடும். வெள்ளை பிளாஸ்டிக் மூடி வெறும் அலங்காரம். உள்ளே சிமென்ட் கலவையோ, கெட்டியான களிம்போ நிரம்ப வேண்டும்.

5 ஜூன், இரவு 7.15 | கொல்லைக்கதவு

வென்டிலேட்டரை மூடிட்டு சித்திரை மாசம் எங்கே போறது, காவிரிக்கா? அதுலயும் தண்ணி மேட்டூர் திறந்தாத்தான்.

5 ஜூன், இரவு 8.00 | ஆசாரிப்பட்டறை

கிண்டல் பண்ணாலும் நியாயமான கேள்வி. நம்ம ஊர்ப்பக்க வீடு தெருவுக்கும் கொல்லைக்கும் நீளமா ஓடுறது. சத்தம் தெருப்பக்கம். காத்துக்கு கொல்லைப்பக்க வென்டிலேட்டரைத் திறந்து வையுங்க, தெருப்பக்கத்தை மூடுங்க. நடு அறைக் கதவுக்கு மேல காத்து போக வழி இருந்தா முன் அறைக்கும் காத்து கிடைக்கும். ரெண்டு பக்கமும் தெரு உள்ள மூலை மனைக்கு இது ஆகாது.

6 ஜூன், காலை 9.20 | கண்ணாடி_மன்னை

இறுக்கி மூடும் அறையில் ஒரு எச்சரிக்கை. கேஸ் கீசர் உள்ள குளியலறை வென்டிலேட்டரை மூடவே கூடாது, சத்தம் எவ்வளவு வந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியையும் படுக்கையறையில் வைத்து அடைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.

6 ஜூன், மாலை 4.45 | ஆசாரிப்பட்டறை

ரப்பர் போடுற விதம் கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருக்காங்க. இங்கயே எழுதிடறேன்.

குழந்தைங்க விளையாடுற களிமண்ணைச் சின்ன உருண்டையா பாலித்தீன் தாள்ல சுத்தி, கதவு வந்து மோதுற பள்ளத்துல வச்சி மூடுங்க. திறந்து எடுத்து கனத்தை அளங்க. அதுதான் நிஜ இடைவெளி. ஒரே கதவுல மேல 2 மி.மீ., கீழ 5 மி.மீ. வரும், ஆச்சரியப்படாதீங்க. மூடினா பட்டை மூணுல ஒரு பங்காவது அமுங்கணும். 3, 4 மி.மீ. இடைவெளிக்கு 6 மி.மீ. உயர, 'D' எழுத்து வடிவ ரப்பர் பட்டை சரியா இருக்கும். இ.பி.டி.எம். ரப்பரா கேட்டு வாங்குங்க. பஞ்சு மாதிரி இருக்கிற ஃபோம் பட்டை ஒரு கோடைக்கே தட்டையாகி உதிர்ந்துடும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி பழைய எனாமல் பெயின்ட் உரியிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சி, ஸ்பிரிட்ல துடைச்சிக் காயவைங்க. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா ரெண்டு மூணு வாரம் விடுங்க, பச்சைப் பெயின்ட்ல ஒட்டினா பட்டையோட பெயின்டும் உரிஞ்சி வரும். பட்டை நிலைப் பள்ளத்துல கதவு முகம் வந்து அழுத்துற இடத்துல வரணும், பக்கவாட்டுல உரசுற இடத்துல இல்லை. மூலையில வளைச்சி ஒட்டாதீங்க, வெட்டி முட்டுக்கு முட்டு சேருங்க.

கீல் பக்கம் ஜாக்கிரதை. அங்க கனமான பட்டை ஒட்டிட்டு கதவை அமுக்கினா கீல் திருகு பிடுங்கிக்கும். அந்தப் பக்கம் மெல்லிசு போதும்.

ரப்பர் போட்டதும் கதவு 2 மி.மீ. வெளியே நிக்கும், பழைய தாழ்ப்பாள் ஓட்டைல இறங்காது. "ரப்பர் சரியில்லை"ன்னு பிச்சி எறியிறது இந்த இடத்துலதான். ஓட்டையைத் தள்ளி வைக்கணும். கொக்கி கதவை இழுத்துப் பிடிக்காது, ஆட விடும். மேலயும் கீழயும் தாழ்ப்பாள், ரெண்டும் இழுத்து இறுக்கிற மாதிரி இருக்கணும்.

6 ஜூன், இரவு 9.10 | கண்ணாடி_மன்னை

மர ஜன்னலில் கண்ணாடியே ஆடிக்கொண்டிருக்கும், அதையும் கவனிக்க வேண்டும். பழைய புட்டி காய்ந்து உதிர்ந்து, கண்ணாடி பீடிங்குக்குள் தளர்வாக நிற்கும். பஸ் நின்று உறுமும்போது கடகடவென்று கேட்பது பாதி அதுதான். விரலால் கண்ணாடி நடுவில் தட்டுங்கள். 'டப்' என்றால் சரி, 'கட' என்றால் தளர்வு. பீடிங்கைக் கழற்றி, புட்டியைச் சுரண்டி, சிலிக்கான் படுக்கை போட்டுக் கண்ணாடியை வைத்து மறுபடி பீடிங். சிலிக்கானில் நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். வினிகர் வாசனை அடிப்பது மலிவு. ஆனால் சிமென்டிலும் சரியாகப் பிடிக்காது, இரும்பையும் அரிக்கும்.

பள்ளத்தில் இடம் இருந்தால் அதே நேரத்தில் 4 மி.மீ.க்குப் பதில் 6.38 லேமினேட்டட் ஏற்றிவிடலாம். இரண்டு 3 மி.மீ. நடுவில் 0.38 படலம். சதுர மீட்டருக்குச் சுமார் பதினைந்தரை கிலோ, பழையது 10. கீல் மூன்றாவது ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும்.

"டஃபன்ட் போட்டா சத்தம் வராது சார்" என்று சொல்லும் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். டஃபன்ட் என்பது எளிதில் உடையாமல் இருக்கச் சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி. சத்தத்துக்கு அதுவும் சாதாரணக் கண்ணாடியும் ஒன்றுதான்.

7 ஜூன், காலை 7.30 | ஒலிக்கணக்கு

லேமினேட்டட் ஏன் என்று ஒரு வரி. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பலவீனமான ஸ்தாயி (சத்தம் சுலபமாக ஊடுருவும் அதிர்வெண்) உண்டு. 12,000-ஐ மி.மீ. கனத்தால் வகுத்தால் ஏறத்தாழ வரும். 4 மி.மீ.க்கு 3,000 ஹெர்ட்ஸ், 6 மி.மீ.க்கு 2,000. பிரேக் கிறீச்சிடலும் ஹாரனின் கூர்மையும் அங்கேதான் நுழையும். நடுப்படலம் அந்த ஆட்டத்தை அடக்கும். அதனால் எண்ணில் 2 டெசிபல் மட்டும் கூடினாலும் காதுக்கு அதைவிட அதிகமாகத் தெரியும்.

காதுக்கணக்கும் சொல்லிவிடுகிறேன். 3 டெசிபல் குறைந்தால் கவனித்துக் கேட்டால்தான் தெரியும். 10 குறைந்தால் பாதியானது போல இருக்கும். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல், அதுவும் வீட்டுக்கு வெளியே. உங்கள் தெருவில் லாரி போகும்போது 75 என்றால், உள்ளே 45-க்குக் கொண்டுவரவே 30 வேண்டும்.

7 ஜூன், காலை 10.00 | கொல்லைக்கதவு

விதி ஏட்டுல இருக்கு, ஹாரன் ரோட்ல இருக்கு. எங்க மாமா வீட்டுச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிட்டார். சத்தம் குறையலை, கோழிக்கடைன்னு நினைச்சி ஆள் வர்றாங்க.

7 ஜூன், காலை 10.40 | கண்ணாடி_மன்னை

முட்டை அட்டை, கனத்த திரை எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளிச்சத்தம் நிற்க எடையும் அடைப்பும் வேண்டும். வாசலில் நாலு வாழை வைப்பதும் கண்ணுக்குத்தான்.

9 ஜூன், இரவு 8.30 | குடந்தை_மேலவீதி

வென்டிலேட்டர் மூடியாச்சு. ரப்பர் வேலை நடக்கிறது. ஹாரன் நன்றாகவே அடங்கியது. லாரி வந்து நிற்கும்போது வரும் 'தும்' மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு என்ன செய்ய?

9 ஜூன், இரவு 9.50 | ஒலிக்கணக்கு

அதற்கு எடையும், அகலமான இடைவெளியும் வேண்டும். இருக்கும் மர ஜன்னலை அப்படியே விட்டு, சுவரின் உள்விளிம்பில் இரண்டாவது ஜன்னல். கண்ணாடிக்குக் கண்ணாடி 100 மி.மீ. இருந்தால் வெளியே 4 மி.மீ., உள்ளே 8.38 லேமினேட்டட் சேர்ந்து ஆடும் இடம் 73 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கடைக்காரரின் 12 மி.மீ. இடைவெளியில் 220 இருந்ததே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே கனமாக வேண்டாம், பலவீன ஸ்தாயி இரண்டுக்கும் ஒரே இடத்தில் விழும்.

வெளியே பஸ் நிற்கும்போது உள்ளே கையைச் சுவரிலோ தரையிலோ வைத்துப் பாருங்கள். அதிர்வு கையில் தெரிந்தால் அது மண் வழியாக அஸ்திவாரத்தில் ஏறுகிறது. அதற்கு ஜன்னல் வைத்தியம் இல்லை.

10 ஜூன், காலை 6.40 | ஆசாரிப்பட்டறை

9 அங்குலச் சுவர்ல இடம் எங்கன்னு கேப்பீங்க. பூச்சோட சேர்த்து 10 அங்குலம். நிலை 4 அங்குலம். நிலை வெளிமுகத்தோட ஒட்டி இருந்தா உள்ளே 6 அங்குலம் மிச்சம், தாராளம். நடுவுல இருந்தா 3 அங்குலம்தான் மிச்சம், ஆனா வெளிப்பக்கம் திறக்கிற கதவு நிலையோட வெளிவிளிம்புல நிக்கும், கண்ணாடிக்குக் கண்ணாடி எப்படியும் 4 அங்குலம் தேறும். கதவு உள்பக்கம் திறக்கிற பழைய வீட்டுல அந்தக் கதவு திறக்க இடம் விட்டு அளக்கணும். அங்க சுவரும் ஒண்ணரை அடி இருக்கும், கவலை இல்லை.

உள்ஜன்னல் அறைப்பக்கம் திறக்கணும். இல்லேன்னா வெளிக்கதவு தாழ்ப்பாளுக்குக் கை எட்டாது.

10 ஜூன், காலை 11.15 | கண்ணாடி_மன்னை

உள்ஜன்னலுக்கு யூபிவிசி நல்லது, ஆனால் ஸ்லைடிங் இல்லை, கீல் வைத்துத் திறப்பது. பூட்டு ஒரு கைப்பிடியில் மூன்று, நான்கு இடத்தில் பிடிக்க வேண்டும். ரப்பர் இரண்டு வரிசை. சட்டத்துக்குள் இரும்புக் குழாய் இருக்கிறதா என்று வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டடிக்கு நாலடிக் கதவில் 8.38 கண்ணாடி மட்டும் 15 கிலோ. உள்ளே இரும்பு இல்லாவிட்டால் சட்டம் தொங்கி, கீழ் மூலையில் ரப்பர் விலகும்.

ஆட்கள் கோட்டைவிடுவது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான். 15 மி.மீ. இடைவெளி விட்டு, ஃபோம் அடித்து, மேலே வெள்ளை சிலிக்கான் இழுத்துவிட்டுப் போவார்கள். ஃபோமுக்கு எடை மிகக் குறைவு, சரியாக நிரம்பாமல் தனியாக நின்றால் சத்தம் அதன் வழியாகக் கசியும். 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் கலவை வைத்து நிரப்பச் சொல்லுங்கள். மீதிக்கு ஃபோம் கயிறு திணித்து இரண்டு பக்கமும் சிலிக்கான். கொத்தனார் அதே நாளில் இருக்க வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்றால் வரமாட்டார்.

வெளிச்சட்டத்தின் அடியில் தண்ணீர் போக நீளத்துளை இருந்தால் சத்தம் வருகிறதென்று அதை அடைக்காதீர்கள். ஐப்பசி மழை உள்ளே வரும்.

10 ஜூன், மாலை 5.20 | நாகை_உப்புக்காத்து

இதெல்லாம் உள்மாவட்டக் கணக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கீலும் திருகும்தான் முதலில் போகும். யூபிவிசி சட்டம் அப்படியே இருக்கும், உள்ளே கீல் துருப்பிடித்துக் கதவு இறங்கி, ரப்பர் அழுந்தாமல், பழையபடி சத்தம். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு கடலோரத்துக்குப் போதாது. 316 கேளுங்கள், திருகு உட்பட. வருடத்துக்கு இரண்டு முறை நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பெரிய கண்ணாடி போடும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். லேமினேட்டட் உடைந்தாலும் படலத்தில் ஒட்டி நிற்கும், டஃபன்ட் உடைந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும். சத்தத்துக்கும் புயலுக்கும் ஒரே விடை கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

13 ஜூன், இரவு 7.00 | முற்றத்துவீடு

திருவிடைமருதூர் பக்கம் பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம். தெரு ஜன்னலுக்கு இதே வேலை செய்யலாமா?

13 ஜூன், இரவு 7.45 | ஒலிக்கணக்கு

காசைக் கையில் வையுங்கள். முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கிறது, சத்தம் கூரை தாண்டி அதில் இறங்கும். ஓட்டுக்கூரையின் சந்துகளிலும் வரும். தெரு ஜன்னலைச் சீல் வைத்தாலும் தாழ்வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அந்த வீட்டில் ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். தளம் போட்ட அறை இருந்தால் அது. ஜன்னலோடு, முற்றத்தைப் பார்க்கும் கதவையும் சேர்த்து அடையுங்கள், அடியில் உள்ள அரை அங்குலச் சந்து உட்பட.

13 ஜூன், இரவு 8.20 | ஆசாரிப்பட்டறை

அதைவிடச் சுலபம், கட்டிலைக் கொல்லைப்பக்க அறைக்கு மாத்துறது. யாரும் கேக்க மாட்டாங்க, சொல்லி வைக்கிறேன்.

20 ஜூன், காலை 9.00 | குடந்தை_மேலவீதி

உள்ஜன்னலுக்கு இரண்டு கடையில் விலை கேட்டேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் தருகிறார்கள். எதை ஒப்பிடுவது?

20 ஜூன், காலை 10.30 | கண்ணாடி_மன்னை

ஒரு வரி விலையை வாங்காதீர்கள். கண்ணாடி எத்தனை மி.மீ., லேமினேட்டடா, படலம் எவ்வளவு, திறக்கும் முறை, பூட்டு எத்தனை இடத்தில் பிடிக்கும், ரப்பர் எத்தனை வரிசை, உள்ளே இரும்பு, சுவர் இடைவெளியை யார் எதால் நிரப்புவது, எல்லாம் எழுத்தில். "40 டெசிபல்" என்று எழுதினால் அது கண்ணாடிக்கா, சட்டத்தோடு முழு ஜன்னலுக்கா என்று கேளுங்கள். பெரும்பாலும் கண்ணாடி எண்ணைத்தான் காட்டுவார்கள்.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி டார்ச், பத்து ரூபாய் நோட்டு, ஊதுபத்தி மூன்றும் பாருங்கள். புகை எந்த ஓரத்தில் வளைகிறதோ அங்கே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கைப்பிடி அருகே இருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பினால் கதவு இன்னும் அழுந்தும், ஐந்து நிமிட வேலை.

20 ஜூன், காலை 11.00 | ஒலிக்கணக்கு

கைபேசி டெசிபல் செயலியை முழுசாக நம்ப வேண்டாம், ஆனால் ஒப்பிட உதவும். அதே கைபேசி, அதே இடம், ஜன்னலிலிருந்து மூன்றடி, அதே நேரம், ஐந்து நிமிடச் சராசரி. திறந்து ஒன்று, மூடி ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு.

28 ஜூன், இரவு 9.15 | குடந்தை_மேலவீதி

மாட்டியாச்சு. ஏசி போட்டால் உள்கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. பழுதா?

28 ஜூன், இரவு 9.40 | ஒலிக்கணக்கு

இல்லை. வெளி ஈரக்காற்று மர ஜன்னல் வழியாக இடைவெளிக்குள் புகுந்து குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. மர ஜன்னலின் ரப்பரை இன்னும் சரிசெய்தால் குறையும். காலையில் உள்ஜன்னலைத் திறந்து காயவிடுங்கள். இடைவெளியின் பக்கச் சுவரில் ஏதாவது ஒட்டினால் சத்தம் இன்னும் கொஞ்சம் குறையும், ஆனால் பாலியஸ்டர் ஃபெல்ட்டாக இருக்கட்டும். தென்னை நாரும் துணியும் நம் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.

30 ஜூன், காலை 8.10 | கொல்லைக்கதவு

மார்கழிக் குழாய்க்கு இது தாங்குமா? விடியக்காலை நாலரைக்கே ஆரம்பிச்சிடுவாங்க.

30 ஜூன், காலை 8.50 | ஒலிக்கணக்கு

கூம்புக் குழாயில் அடி ஸ்தாயி அவ்வளவாக வராது, நடுவும் மேலும்தான். அதற்கு இந்த அடைப்பு நன்றாகவே தாங்கும், லாரியைவிடச் சுலபம். திருவிழாப் பாட்டுக்கச்சேரிப் பெட்டிகளின் அடிமுழக்கம் வேறு. அதைக் கண்ணாடியால் முழுசாக நிறுத்த முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது அதே 2000-ஆம் ஆண்டு விதி. விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். விடியக்காலை நாலரைக்கு அந்தத் தளர்வு இல்லை.

3 நவம்பர், மாலை 6.30 | குடந்தை_மேலவீதி

மழை பிடித்ததும் மரக்கதவு இறுகி மூட மறுக்கிறது. இழைப்புளி போட்டு இழைத்துவிடலாம் என்கிறார் இங்குள்ள ஆசாரி.

3 நவம்பர், இரவு 7.10 | ஆசாரிப்பட்டறை

தொடாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில மரம் ஊதும், பங்குனியில சுருங்கும். இப்ப இழைச்சா சித்திரையில 3 மி.மீ. சந்து வாய் பிளந்து நிக்கும், ரப்பர் காத்துல தொங்கும். எந்த மூலை முட்டுதோ அங்க மெழுகு தேய்ச்சிட்டு, முட்டுற இடத்துல மட்டும் பட்டையை 4 மி.மீ. ஆக மாத்துங்க. கதவோட அடி ஓரத்துல பெயின்ட் இருக்கான்னு தடவிப் பாருங்க. நிலையில மாட்டினதுக்கு அப்புறம் பெயின்ட் அடிச்சிருந்தா அடிப்பக்கம் வெறும் மரமா இருக்கும், ஈரம் ஏறுறது அந்த வழியாத்தான். தை பொறந்து வெயில் காஞ்சதும் கதவைக் கழட்டி அந்த ஓரத்துக்கு ரெண்டு கை பெயின்ட் அடிங்க.